மரத்துக்கு எப்போது எதைக் கொடுத்தால் பழம் இனிக்கும்? பெங்களூரு வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் சைட் வாங்கி வீடு கட்டிய தமிழ்க் குடும்பங்களில், காம்பவுண்டு ஓரத்தில் ஒரு கொய்யாவோ பப்பாளியோ ரெண்டு வாழையோ இல்லாத வீடு குறைவு. இடம் இல்லாதவர்கள் மாடியில் டிரம் வைத்து மாமரமே வளர்க்கிறார்கள். காய் பிடிப்பதில் யாருக்கும் பெரிய குறை இல்லை. குறை எல்லாம் அதற்குப் பிறகுதான். கொய்யா கல்லு மாதிரி இருக்கிறது, வெடிக்கிறது. பப்பாளி முண்டும் முடிச்சுமாக வருகிறது. வாழைத்தார் பெரிதாக இருக்கிறது, பழம் சப்பென்று இருக்கிறது. பாதாமி மாம்பழம் வெளியே தங்கமாக இருக்கிறது, அறுத்தால் நடுவில் வெளுத்துப்போய்ப் புளிக்கிறது.

இதில் பாதிக்கு மேல் ரகத்தின் குற்றமும் இல்லை, பூச்சியின் குற்றமும் இல்லை. சத்து போய்ச் சேர்ந்த நேரம்தான் காரணம். பழத்தின் இனிப்பு, புளிப்பு, நிறம், தோல், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பது எல்லாமே அறுவடைக்குப் பல வாரங்களுக்கு முன்பே முடிவாகிவிடும். மரத்துக்கு எவ்வளவு போட்டோம் என்பதை விட, பூவுக்கு முன் என்ன போட்டோம், பிஞ்சில் என்ன போட்டோம், காய் பருக்கும்போது எதை நிறுத்தினோம் என்பதுதான் முக்கியம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையைப் பற்றித்தான்.

முதல் படி: உரத்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

இதை எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள். பெங்களூரில் இதுதான் முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இங்குள்ள செம்மண் இயல்பாக லேசான அமிலத் தன்மை உள்ளது. பழ மரங்களுக்கு அது நல்லதுதான். பிஎச், அதாவது மண்ணின் அமில-கார அளவு, 6-லிருந்து 7-க்குள் இருந்தால் பெரும்பாலான சத்துகள் வேருக்குக் கிடைக்கும். ஆனால் பல ஏரியாக்களில் போர் தண்ணீர் கடினமானது. அதில் கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட்டுகள் அதிகம். அதையே வருடக்கணக்கில் ஊற்றினால், குறிப்பாகத் தொட்டியிலும் டிரம்மிலும், மண்ணின் பிஎச் மெல்ல ஏறும். மேலே வெள்ளையாகப் பொருக்கு கட்டும். பிஎச் 7.5-ஐத் தாண்டினால் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு எல்லாம் மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அப்புறம் எவ்வளவு நுண்ணூட்ட உரம் வாங்கிப் போட்டாலும் வேலைக்கு ஆகாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தொட்டியின் மேல் மண்ணில் ஒரு கரண்டி எடுத்து, அதன் மேல் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மேல் மண்ணை ரெண்டு அங்குலம் வழித்து எடுத்துவிட்டு, நன்றாக மட்கிய எரு போடுங்கள். முடிந்தவரை மழைநீர், இல்லாவிட்டால் காவேரித் தண்ணீர் ஊற்றுங்கள்.

ரெண்டு தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றவே வேண்டாம். ஒன்று, ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர். அதில் உப்பு செறிந்திருக்கும். வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுபவர்கள் நிறைய. பாத்திரம் துலக்கவும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அபார்ட்மெண்டில் சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீர். பெரும்பாலான சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், மாஞ்செடியின் இலை நுனி கருகும்.

ரெண்டாம் படி: மண் பரிசோதனை

தரையில் மரம் இருந்தால் இதைச் செய்தே ஆக வேண்டும். மரத்தின் நிழல் விழும் வட்டத்தின் விளிம்பில் நாலைந்து இடத்தில், மேல் சருகை ஒதுக்கிவிட்டு, ஒரு அடி ஆழத்துக்கு 'வி' வடிவத்தில் குழி வெட்டுங்கள். குழியின் சுவரில் மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ மட்டும் எடுத்துக் கொடுங்கள். உரம் போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், ஜிகேவிகே வளாகத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகம் ரெண்டும் நகரத்தை ஒட்டியே இருப்பது நமக்குப் பெரிய வசதி.

அறிக்கை வந்ததும் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) மூன்றை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடாதீர்கள். பிஎச், கரிமச் சத்து (0.5 சதத்துக்குக் கீழ் என்றால் குறைவு), துத்தநாகம் (0.6 பிபிஎம்முக்குக் கீழ் குறைவு; பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), போரான் (0.5 பிபிஎம்முக்குக் கீழ் குறைவு) ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். பழத் தரத்தின் ரகசியம் பெரும்பாலும் கடைசி ரெண்டு வரியில் இருக்கும்.

மூன்றாம் படி: இலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும். சில சத்துகள் செடிக்குள் நகரும், சில நகராது. தழைச்சத்து, மணிச்சத்து, பொட்டாஷ், மெக்னீசியம் நகரும். பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவி புது இலைக்கு அனுப்பும். ஆகவே அடி இலையில் குறி தெரியும். கால்சியம், போரான், இரும்பு, துத்தநாகம் எளிதில் நகராது. குறைந்தால் கொழுந்திலும் பிஞ்சிலும்தான் தெரியும்.

வாழையில் அடி இலை ஓரத்திலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, சீக்கிரம் காய்ந்து மடிந்து தொங்கினால் பொட்டாஷ் போதவில்லை. கொய்யாவின் கொழுந்து இலைகள் சின்னதாகக் குறுகி, நரம்புகளுக்கு இடையே வெளுத்தால் துத்தநாகம். நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்றதெல்லாம் வெளிறினால் இரும்பு. போர் தண்ணீர் ஊற்றும் மாடித் தோட்டத்தில் இதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

பப்பாளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். காய் மேல் முண்டு முண்டாகப் புடைத்து, அங்கங்கே பால் வடிந்து உறைந்திருந்தால் வைரஸ் என்று மரத்தையே வெட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். கொழுந்து இலையைப் பாருங்கள். இலை நூல் மாதிரி குறுகி, திட்டுத் திட்டாக மஞ்சளும் பச்சையுமாக, காயில் வளையம் வளையமாகக் குறி இருந்தால் அது வைரஸ்தான், மருந்து கிடையாது. இலை ஓரளவு ஒழுங்காக இருந்து காய் மட்டும் கோணிப் பால் வடிந்தால் போரான் பற்றாக்குறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்துவிடலாம். ஏற்கெனவே கோணிய காய் நேராகாது, அடுத்து பிடிக்கிற காய்கள் நன்றாக வரும்.

நாலாம் படி: பூவுக்கு முன் போரான், துத்தநாகம்

மகரந்தம் முளைத்துச் சூல் வரை போக போரான் வேண்டும். அது குறைந்தால் பூ நிறைய இருக்கும், காய் நிற்காது. நின்ற காயும் வெடிக்கும், உள்ளே கெட்டியாகும். துத்தநாகம் குறைந்தால் தளிரே சரியாக விரியாது.

கொய்யாவுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது, பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் போராக்ஸ் (போரான் உப்பு) 0.3 சதம், அதாவது லிட்டருக்கு 3 கிராம் தெளிக்க வேண்டும் என்பது. பப்பாளிக்கு நட்ட 4-ஆம் மாதமும் 8-ஆம் மாதமும் லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், 1 கிராம் போரிக் அமிலம். துத்தநாக சல்பேட்டைத் தனியாகத் தெளித்தால் இலை கருகலாம். அதில் பாதி எடை நீர்த்த சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டிச் சேர்ப்பது பழைய, நம்பகமான வழி.

போரானில் ஒரு எச்சரிக்கை. பற்றாக்குறைக்கும் நஞ்சாவதற்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. கரண்டிக் கணக்கில் போட வேண்டாம், சமையலறைத் தராசில் எடை போடுங்கள். தொட்டியில் மண்ணில் போடாமல் இலையில் தெளிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கணக்கெல்லாம் சிரமம் என்பவர்களுக்கு ஹெசரகட்டா நிறுவனமே அர்கா மேங்கோ ஸ்பெஷல், அர்கா பனானா ஸ்பெஷல் என்று பயிருக்கு ஏற்ற நுண்ணூட்டக் கலவைகளை உருவாக்கியிருக்கிறது. கரைக்கும்போது எலுமிச்சைச் சாறும் ஒரு சாஷே ஷாம்புவும் சேர்க்கச் சொல்வார்கள். எலுமிச்சை கடினத் தண்ணீரின் காரத்தைக் குறைக்கும். ஷாம்பு கரைசலை இலையில் ஒட்டவைக்கும், இல்லாவிட்டால் வாழை இலையில் நிற்காமல் உருண்டு ஓடிவிடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். காலை 9 மணிக்கு முன்போ மாலையிலோ தெளியுங்கள்.

ஐந்தாம் படி: பிஞ்சில் கால்சியம்

பழம் கெட்டியாக, வெடிக்காமல், அறுத்தபின் சில நாள் தாங்கி நிற்பது கால்சியத்தால். செல் சுவர்களைப் பிணைத்து வைப்பது அதுதான். ஆனால் கால்சியம் தண்ணீரோடு மட்டுமே மேலே ஏறும். தண்ணீர் அதிகம் ஆவியாகும் இடம் இலை. ஆகவே பெரும்பங்கு இலைக்குப் போய்விடும். அங்கிருந்து திரும்பிப் பழத்துக்கு வராது. பழத்துக்கு எவ்வளவு வர வேண்டுமோ அதில் பெரும்பங்கு பிஞ்சின் ஆரம்ப வாரங்களிலேயே வந்தாக வேண்டும்.

முட்டை ஓட்டை நொறுக்கி மரத்தடியில் போடும் வழக்கத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். அமில மண்ணில் மெல்லக் கரையும். போர் தண்ணீரால் காரமாகிப்போன தொட்டியில் அப்படியே கிடக்கும். அங்கே கால்சியம் மண்ணில் இல்லை என்பது பிரச்சினையே அல்ல, பழத்துக்குப் போகவில்லை என்பதுதான் பிரச்சினை. பிஎச் ஏறாமல் கால்சியம் தர வேண்டுமானால் ஜிப்சம் போடலாம். பழத்துக்கே தர வேண்டுமானால் பட்டாணி அளவிலும் கோலி அளவிலும் பிஞ்சு இருக்கும்போது, கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 5 கிராம் கரைத்துப் பிஞ்சு நனையத் தெளியுங்கள். இதோடு சல்பேட் உப்புகளையோ பாஸ்பேட் உரத்தையோ கலக்காதீர்கள். கலந்தால் அடியில் வெள்ளையாகத் தங்கிவிடும், ஸ்பிரேயரும் அடைக்கும்.

இதை விட முக்கியம், தண்ணீர் ஒரே சீராக இருப்பது. நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் குளமாக ஊற்றினால் கால்சியம் போவதும் தடைப்படும், பழமும் வெடிக்கும். சருகால் மூடாக்குப் போடுங்கள். பாதாமி மாம்பழம் நடுவில் வெளுத்துப் புளிக்கும் பஞ்சு நோய்க்கும் இது உதவும். நன்றாக முற்றிய பிறகு கொட்டை முளைக்கத் தயாராவதும், தரையிலிருந்து எழும் சூடும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. மூடாக்கு சூட்டைக் குறைக்கும். காயை மரத்திலேயே பழுக்க விடாமல் முற்றியவுடன் பறித்து வைக்கோலில் பழுக்க வையுங்கள். சத்தால் மட்டும் தீராத குறை இது.

ஆறாம் படி: காய் பருக்கும்போது தழைச்சத்தை நிறுத்துங்கள், பொட்டாஷைக் கொடுங்கள்

இந்த ஒரு படியைச் செய்தாலே அடுத்த பழத்தில் வித்தியாசம் தெரியும்.

காய் பிடித்ததும் நமக்கு ஒரு ஆசை வரும். மரம் கஷ்டப்படுகிறதே, இன்னும் கொஞ்சம் போடுவோம் என்று. யூரியா, சாணக் கரைசல், மீன் அமிலம், கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் எல்லாம் அப்போதுதான் வரும். இவை எல்லாமே முக்கியமாகத் தழைச்சத்து. 'இயற்கை உரம்தானே அண்ணா, எவ்வளவு போட்டா என்ன' என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். மரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தழைச்சத்து அதிகமானால் புதுத் தளிர் விடும். இலையில் செய்த சர்க்கரை தளிருக்குப் போகும், காய்க்குக் குறையும். பழம் பெரிதாகும், நீர்த்துப் போகும். மாம்பழத் தோலில் பச்சை போகாது, பழுத்த பின் கரும்புள்ளி நோய் சீக்கிரம் தொற்றும், சதை கொழகொழவென்று ஆகும்.

பொட்டாஷ் வேலையே வேறு. இலையில் உண்டான சர்க்கரையைப் பழத்துக்கு ஏற்றி அனுப்புவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இனிப்பு, நிறம், மணம், வறட்சி தாங்கும் திறன் எல்லாம் அதைச் சார்ந்தவை. வாழைக்கு இது மற்ற எல்லாச் சத்தையும் விட அதிகம் தேவை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தோட்டக்கால் வாழைக்கு (நேந்திரன் தவிர மற்ற ரகங்களுக்கு) மரத்துக்குத் தழை 110, மணி 35, சாம்பல் 330 கிராம் என்கிறது. தழையைப் போல் மூன்று மடங்கு சாம்பல்சத்து. கடைக்கணக்கில் இது சுமார் 240 கிராம் யூரியா, 220 கிராம் சூப்பர் பாஸ்பேட், 550 கிராம் மூரியேட் ஆஃப் பொட்டாஷ். சூப்பரை 3-ஆம் மாதமே முழுவதும் போட்டுவிட்டு, மற்ற ரெண்டையும் 3, 5, 7-ஆம் மாதங்களில் மூன்றாகப் பிரித்துப் போட வேண்டும். குழியில் நிறைய எரு போட்டிருந்தால் யூரியாவைத் தாராளமாகக் குறைக்கலாம், பொட்டாஷைக் குறைக்க வேண்டாம்.

வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றுவதை இந்த 330 கிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தோலைக் கம்போஸ்ட்டில் போடுவது நல்ல பழக்கம், அதை உரமாக நம்பியிருக்க முடியாது. விறகுச் சாம்பலில் பொட்டாஷ் நிஜமாகவே உண்டு. ஆனால் அது காரம். போர் தண்ணீர் ஊற்றும் தொட்டியில் வேண்டாம்.

தொட்டிக்கும் மாமரத்துக்கும் மூரியேட்டை விட சல்பேட் ஆஃப் பொட்டாஷ் நல்லது. விலை அதிகம்தான். மூரியேட்டில் உள்ள குளோரைடு தொட்டியில் தங்கி இலை ஓரத்தைக் கருக்கும். பொட்டாஷும் அளவு மீறக்கூடாது. வேரில் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது தள்ளிவிடும். எலுமிச்சை வகைகளில் தோல் தடித்துப் புளிப்பு கூடும்.

வாழைக்கு ஒரு அருமையான உத்தி, ஹெசரகட்டாவில் சோதித்துச் சொன்னது. தார் முழுவதும் இறங்கி, கடைசிச் சீப்பும் விரிந்த பிறகு, அதற்குக் கீழே ஒரு சாண் தண்டை விட்டுப் பூவை வெட்டுங்கள். பூ பொரியலுக்கு ஆகும். அரைக் கிலோ பச்சைச் சாணத்தில், 100 மில்லி தண்ணீரில் கரைத்த 7.5 கிராம் யூரியாவையும் 7.5 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷையும் ஊற்றிப் பிசையுங்கள். அதைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, வெட்டிய தண்டு முனை கலவைக்குள் நன்றாகப் புதையும்படி நுழைத்து, வாயைச் சணலால் இறுகக் கட்டிவிடுங்கள். பை அறுவடை வரை அப்படியே தொங்கட்டும். தண்டு நுனி வழியாகவே சத்தை உறிஞ்சிக்கொள்ளும். பொதுவாகச் சூம்பிப்போகும் கடைசிச் சீப்புகள் திரண்டு வரும். ஏலக்கி வாழை வைத்திருப்பவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள்.

தார் போட்ட பின் யூரியா வேண்டாம் என்று மேலே சொன்னேன், இங்கே யூரியா வருகிறதே என்று தோன்றலாம். 7.5 கிராம்தான், அதுவும் வேருக்குப் போகாமல் நேரே தாருக்குப் போகிறது. அதனால் தளிர் கிளம்பாது.

மாமரத்துக்கு மட்டும் ஒரு காலண்டர்

பெங்களூரில் மா பூப்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பறிப்பது மே முதல் ஜூலை வரை. பறித்து முடித்ததும், மழை இருக்கும்போதே, கிளையைக் கொஞ்சம் கவாத்து செய்து எருவும் தழைச்சத்தும் கொடுங்கள். இப்போது விடும் தளிர்தான் அடுத்த பூவைத் தாங்கப்போகிறது. ஆறு வயதுக்கு மேற்பட்ட மரத்துக்குப் பரிந்துரை 50 கிலோ எரு, தழை, மணி தலா 1 கிலோ, சாம்பல் 1.5 கிலோ. வீட்டு மரத்துக்கு மண் அறிக்கையைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். அக்டோபருக்குப் பிறகு தழைச்சத்து வேண்டாம். நவம்பர், டிசம்பரில் தண்ணீரையும் குறையுங்கள். அப்போது தளிர் விட்டால் பூ போச்சு. பூங்கொத்து வருவதற்கு முன் நுண்ணூட்டம், பட்டாணி அளவில் கால்சியம், எலுமிச்சை அளவில் பொட்டாஷ்.

டிரம்மில் இருக்கும் மரத்துக்கு இந்த அளவு எதுவும் பொருந்தாது. ஒவ்வொரு தடவையும் மிகச் சிறிய அளவாக, மாதம் ஒரு முறை கொடுங்கள். ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, அடி ஓட்டை வழியாக உப்பைக் கழுவி விடுங்கள்.

ஏழாம் படி: இனிப்பை அளந்து பாருங்கள்

நாக்கு சொல்வது நிஜம்தான், ஆனால் போன வருடத்துப் பழம் நாக்குக்கு நினைவிருக்காது. கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஆன்லைனில் அதிக விலையில்லாமல் கிடைக்கிறது. கண்ணாடியில் ரெண்டு சொட்டு சாறு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் பிரிக்ஸ் எண் தெரியும். சாற்றில் கரைந்திருப்பது எத்தனை சதம் என்பதுதான் அது, பெரும்பாலும் சர்க்கரை. முதலில் சுத்தமான தண்ணீர் விட்டு பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

மாங்காயைப் பறித்தவுடன் அளந்தால் 7, 8 காட்டும். பயப்பட வேண்டாம், மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாக மாறவில்லை. பழுத்த பிறகு நல்ல பாதாமியோ மல்லிகாவோ 17-லிருந்து 20 வரை போகும். பப்பாளியும் கொய்யாவும் 10-லிருந்து 13 வந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பழத்தின் காம்புப் பக்கமும் நுனிப் பக்கமும் ஒரே அளவாக இருக்காது, அதனால் எப்போதும் நடுப்பகுதிச் சாற்றையே எடுங்கள். மழை பெய்த மறுநாள் பறித்த பழத்தில் எண் குறையும், அதை உரத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு நோட்டில் தேதி, மரம், என்ன கொடுத்தீர்கள், என்ன பிரிக்ஸ், வெடிப்பு இருந்ததா என்று எழுதி வையுங்கள். ஒரு பருவத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். ரெண்டு கொய்யா மரம் இருந்தால் ஒன்றுக்கு மட்டும் போராக்ஸ் தெளித்துப் பாருங்கள். ரெண்டையும் ஒரே நாளில் பறித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அறுத்துப் பார்த்தால், உங்கள் மண்ணுக்கு அது தேவையா இல்லையா என்று அந்த வருடமே தெரிந்துவிடும்.